ஆறு மணி நேரப் பயணம்

டிக்கெட்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். இருபத்தாறு வருடமாகக் கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார். யாராவது பயந்துபோய், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலுக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருப்பதைக் காட்டி, "ஆறே மணி நேரம், கண்ணை மூடித் திறந்தா வந்துடும்" என்பார். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் நடுவே ஒன்பது மணி நேரம் வித்தியாசம் என்பதை மென்று முழுங்கிவிடுவார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம் என்று உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களே! ஏறி உட்கார்ந்த பிறகு எவன் இறங்கி வந்து சண்டை போடப்போகிறான்?

அந்தப் பாழாய்ப்போன வாய்தான் இன்று சொந்த அக்காவிடமும் அதையே சொல்லித் தொலைத்தது.

கடல் தாண்டி மகளோடு இருக்கும் அக்காவுக்கு இதயத்தில் அடைப்பு. அங்கே காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை பத்து மணி விமானம் ஏறுவதற்கு முன், அங்கே நள்ளிரவாக இருந்த நேரத்தில் போன் செய்தபோது, "உன் முகத்தைப் பாக்காம உள்ள போக மாட்டேன்டா" என்று அழுதாள்.

"அழாதக்கா. ஆறு மணி நேரம்தான். விடிஞ்சதும் வந்து நிப்பேன்."

"அப்ப சரி. நீ வந்தப்புறம்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவேன்."

பெல்ட்டை மாட்டிய பிறகுதான், ஆபரேஷன் காலை எட்டுக்கு, தான் போய் இறங்குவதோ மாலை நாலுக்கு என்பது அவருக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிடுவதற்குள் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். விமானம் நகர்ந்துவிட்டது.

நடு இருக்கை. இந்தப் பக்கம் ஒரு தடியர், அந்தப் பக்கம் ஒரு தடியர், இருவரும் குறட்டை. எதிரே திரையில் நீலக் கடல். அதன்மேல் விமானப் படம் நகருவேனா என்று அடம்பிடித்தது. ஆறு மணி நேரம் முடிந்தபோது இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பாக்கி. இந்நேரம் அக்கா கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தடியரைத் தாண்டி எழுந்து போய்ப் பணிப்பெண்ணிடம் கெஞ்சினார்.

"ஒரே ஒரு மெசேஜ் அனுப்பணும்மா."

"இன்னைக்கு நெட் வேலை செய்யல சார்."

"கேப்டன்கிட்டயாவது சொல்லிப் பாரும்மா. எங்க அக்கா உயிர்ம்மா."

அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். "அங்கேயும் வழியில்ல சார். போய்க் கொஞ்சம் தூங்குங்க. கண்ணை மூடித் திறந்தா வந்துடும்."

அவரால் அவளைத் திட்டவும் முடியவில்லை. மீதி ஒன்பது மணி நேரமும் கண்ணைக் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

விமானம் தரையிறங்கியதும் எல்லோரும் எழுந்து வழியை அடைத்துக்கொண்டார்கள். மேலே பெட்டி இடிக்க, தலையைக் குனிந்தபடியே அக்கா மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல மாமா. நாலு தடவை டாக்டர் வந்து கத்திட்டுப் போனார். நானும் போன்ல பாத்து, பதினஞ்சு மணி நேரம் ஆகும்மான்னு காட்டினேன். நம்பவே இல்ல. 'என் தம்பிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமா அதுதானே அவன் பொழப்பு'ன்னு என்னையே திட்டினாங்க."

"இப்ப அம்மாகிட்ட குடு."



"மத்தியானமே நினைவு தப்பிடுச்சு மாமா. கையெழுத்த நான் போட்டுட்டேன். இனிமே பண்ணியும் பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார்."

விமானத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை.