இரண்டாம் தடவை முதலில்

முதல் தடவை போகும் ஊரில் எல்லாமே கோணலாகத்தான் நடக்கும் என்பதால், நானும் என் மனைவி பூங்கோதையும் அலைமங்கலத்துக்கு இரண்டாம் தடவையை முதலில் போய்விட்டு வந்தோம். முதல் தடவையை ஐப்பசியில் போய்க்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தோம்.

யோசனை ஆரோக்கியதாஸுடையது. எங்கள் ஊரான மேலக்கரிசலில், பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் ஜெராக்ஸ் கடையும் பயண ஏற்பாடும் சேர்த்து நடத்துகிறார். எங்களுக்கு இரண்டு நாள்தான் விடுமுறை என்றதும் பேனாவை மூடி வைத்தார். முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டு நாள் எந்த மூலைக்கும் காணாது, ஒரு நாள் வழி கேட்பதிலேயே போய்விடும், இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு ஒன்றரை நாளே தாராளம் என்று விளக்கினார். விண்ணப்பத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. விட்டுப்போன முதல் தடவையை ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டாம் தடவையில் தெரிந்துகொண்ட எதையும் முதல் தடவையில் பயன்படுத்தக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். கூடவே ஒரு தாளும் கொடுத்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கவும், ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் பார்க்க வேண்டாம், புதுச் செருப்பு கூடாது, ஒரு மதியத்தைச் சும்மா விட்டு வைக்கவும் என்று அதில் இருந்தது.

என் மாமியார் இசக்கியம்மாள் எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் பையில் துணி அடுக்கும்போது கதவோரம் வந்து நின்று, அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறதாமே என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, மேலே ஏறினால் கப்பல் தெரியுமாமே என்றார். மூன்றாம் தடவையும் வந்தார். பையின் ஜிப்பை மட்டும் இழுத்துச் சரி செய்தார்.

“அடுத்த தடவ உன்னயும் கூட்டிட்டுப் போறோம்மா” என்றாள் பூங்கோதை.

அவர் தலையாட்டிவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அலைமங்கலத்தில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கியதும் கால்கள் தாமாக மேற்கு வாசலுக்குத் திரும்பின. ஆட்டோக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏற்கெனவே வந்தவர்கள் என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்கள். எந்தக் கடையில் காபி நன்றாக இருக்காது என்பது பூங்கோதைக்குத் தெரிந்திருந்தது. விடுதியில் மேலாளர் தாமோதரன் அடையாள அட்டைகூடக் கேட்காமல் சாவியை நீட்டினார். போன தடவை மாதிரி வாளியை ஜன்னலில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வைக்க மாட்டோம் என்றேன்.

“அம்மா மொட்டை மாடியில இருக்காங்க. நீங்க வந்தாச்சுன்னு சொல்லிவிடவா?” என்றார்.

எந்த அம்மா என்று பூங்கோதை கேட்டாள். உங்கள் அம்மாதான், போன தடவை விட்டுவிட்டுப் போனீர்களே என்றார் தாமோதரன். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. குடையை விட்டுவிட்டுப் போனவர்களிடம் பேசுவதைப் போலத்தான் பேசினார்.

மாடியில் துணிக்கொடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நாங்கள் வீட்டில் விட்டு வந்தவரைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தார். கடற்காற்று அப்படித்தான் செய்யும். எதிரே முதல் தடவை வந்த ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தது. அருங்காட்சியகத்தில் முதல் இரண்டு அறை போதும், மூன்றாவதில் வெறும் பானை என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களை அனுப்பிவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

“வந்தாச்சா” என்றார்.

“அம்மா, நாங்களா உன்ன விட்டுட்டுப் போனோம்?”

“பின்ன யாரு? மூணே முக்கால் ரயிலப் புடிக்கணும்னு ரெண்டு பேரும் ஓடுனீங்க. நான் கலங்கரை விளக்கத்துக்கிட்ட கால் வலிக்குன்னு உக்காந்திருந்தேன்.”

பூங்கோதை தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னுடைய பிள்ளையாக இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டு அழுதாள். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்று இடங்கள் பார்ப்பதாக இருந்தோம், ஒன்றுக்கும் போகவில்லை. கடைசியில், அம்மாவைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். நான் எங்கள் வீட்டை மனதில் அளந்து பார்த்தேன். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அத்தைகள் இரண்டு பேராகிவிடுவார்கள். ஆனாலும் மறுப்புச் சொல்லவில்லை. விட்டுவிட்டு ஓடியதில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அத்தை சொன்னார். அது நியாயமாகப் பட்டது. பூங்கோதை வீட்டுக்குப் போன் போட்டாள். வீட்டிலிருந்த அத்தை எடுத்து, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும், அங்கே இருப்பவளிடம் போனைக் கொடு என்றார்.

இரண்டு பேரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். அத்தை சொல்வதை அத்தனை நேரம் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. பூங்கோதை முகம் கழுவக் கீழே இறங்கிப் போனாள். நான் கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“அந்தக் கறுப்புச் செருப்பப் போட்டுட்டு வராத, கடிக்கும்” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். “பழசே போதும். மாத்திரைய இடுப்புல வச்சுக்க, பையில வைக்காத. விளக்கு மேல ஏறி ஆசை தீரக் கப்பலப் பாத்துரு. எறங்கினதும் வேப்பமரத்தடியில ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கும். அதுல உக்காந்துக்க.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“ரெண்டு தடவ கூப்பிடுவாங்க. காது கேக்காத மாதிரிக் கடலயே பாத்துட்டு இரு. ரயிலுக்கு நேரமாயிரும், ஓடிருவாங்க.”

போர்வை காற்றில் விலகியது. அத்தை என்னைப் பார்த்தார். பதற்றமில்லாமல் போனை வைத்தார்.

“மாப்பிள்ள, இத பூங்கோதைட்ட சொல்ல வேண்டாம். அவ விட்டுட்டுப் போனதாவே இருக்கட்டும். அப்பதான் மாசா மாசம் வந்து பாப்பா.”

“இங்கேயே இருக்கப் போறீங்களா அத்தை?”

“எல்லாரும் ஊரு பாக்கப் போக, வீட்டப் பாத்துக்கிட்டு நான் இருந்தது போதும்.”

சரி என்றேன். பூங்கோதை திரும்பி வந்ததும், வீட்டிலிருப்பவள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுத்தால் சண்டை வரும் என்கிறாள் என்று அத்தை வருத்தமான முகத்தோடு சொன்னார். மறுநாள் முழுவதும் எங்களை அவரே ஊர் சுற்றிக் காட்டினார். அவ்வளவு நிதானமாக நாங்கள் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

ஐப்பசியில் முதல் தடவை போனோம், அத்தையோடு. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே அவருடைய பை தயாராக இருந்தது. ஆரோக்கியதாஸின் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே தெரிந்ததை அவர் பயன்படுத்திக்கொள்ளத் தடை இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தது. கிழக்கு வாசலில் இறங்கி மழையில் நின்றோம். ஓர் ஆட்டோக்காரர் எங்களை ஏற்றி, ரயில் நிலையத்தையே இரண்டு முறை சுற்றினார். விடுதியில் தாமோதரன் எங்களை முன்பின் பார்த்தது இல்லை என்பதால் மூன்று படிவங்கள் கொடுத்தார். அறையில் ஈரம் காய்வதற்காக வாளியைக் கவிழ்த்து ஜன்னலில் வைத்தோம். அது கீழே நின்ற ஒருவருடைய சைக்கிள் மேல் விழுந்தது. இரண்டே நாளில் பதினோரு இடங்கள் பார்த்தோம். பத்தாவது எதுவென்று இப்போது நினைவில்லை.

பதினோராவது கலங்கரை விளக்கம். அத்தை மேலே ஏறி, கப்பல் கண்ணிலிருந்து மறையும்வரை நின்றார். பிறகு இறங்கி, வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மணி மூன்றே கால்.

“அம்மா, நேரமாச்சு” என்று பூங்கோதை கூப்பிட்டாள்.

அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக நான் கூப்பிட்டேன். என் குரல் போதுமான அளவுக்கு உயரவில்லை என்று பூங்கோதை பிறகு பல நாள் சொன்னாள். அது உண்மைதான். அவள் பெஞ்சை நோக்கி ஓரடி வைத்தாள். அத்தை இங்கே விடுபட்டு விடுதிக்குப் போய்ச் சேருவார் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்ததைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவள் மீறுகிறவள் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஓடினாள். நான் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெஞ்சின் மேல் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

 ரயில் பாதி வழி வந்ததும், அடுத்த மாதம் அம்மாவுக்கு ஒரு போர்வை கொண்டு போக வேண்டும் என்றாள் பூங்கோதை. கொண்டு போகலாம் என்றேன்.

காலையில் மேலக்கரிசலில் இறங்கினோம். நடைமேடையும் பெயர்ப் பலகையும் இருந்தன. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. நிலைய அதிகாரியிடம் விசாரித்தேன். முதல் தடவையைப் பின்னால் போய்விட்டு வருகிறவர்களுக்கு ஊரும் பின்னால் வரும் பாசஞ்சரில்தான் வரும் என்றும், அது முக்கால் மணி நேரம் தாமதம் என்றும் சொன்னார். நாங்கள் ஒரு பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தோம். பால்காரர் வந்து காத்திருப்பாரே என்று பூங்கோதை கவலைப்பட்டாள். அவரும் அதில்தான் வருவார் என்றேன்.