உளி வைக்கும் முன்

கல்லறைக் கல்லில் பேர் வெட்டுகிறவர் சாவுக்குப் பயப்படுவாரா என்று கேட்டால் தெருவே சிரிக்கும். முப்பது வருஷமாக அவருக்கு அதுதானே சோறு! ஆனால் டாக்டர் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்று சொன்ன நாளிலிருந்து, அவருக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாலு ஞாயிறாகக் கோவில் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. போதகர் திருவிருந்து அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்தபோதும், "கல்லுக்குப் பாலிஷ் போடணும்" என்று பின்பக்கக் கொட்டகைக்கு நழுவிவிட்டார். பாலிஷ் போட அங்கே கல்லே இல்லை. அந்த மாசம் அவர் ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை.

மனைவியோ நேர்மாறு. ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் வாண்டுகளை மேய்த்தவள். புருஷனே அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கடைசியாகக் கட்ட வேண்டிய வெள்ளைப் புடவையை அவளே மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். "அடக்கத்துல பாட்டை இழுத்து இழுத்துப் பாடினீங்க, எழுந்து வந்துடுவேன்" என்று போதகரையே மிரட்டியாயிற்று. போகிற இடத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விட்டுப் போகிற இந்த மனுஷன்தான் அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் போயிட்டா என்கிட்டயும் பேச முடியாது. ஆண்டவர்கிட்டயும் பேச மாட்டேங்குறீங்க. அப்புறம் யார்கிட்டதான் பேசுவீங்க?"

"கல்லுகிட்ட பேசிக்கிறேன்."

"நல்ல ஜோடி. ரெண்டும் வாயே திறக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் கல்லை நான் இருக்கும்போதே வெட்டிடுங்க."

"வாயைக் கழுவு டீச்சர்!"

"தேதியை அப்புறம் போட்டுக்கலாம். பேரும் ஒரு வரியும் போதும். 'கூப்பிட்டார், போனேன்.'"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு."

"கோவிச்சுக்கிட்டு இருக்கிறது நீங்கதான்."

அவள் எதற்கு அடிபோடுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கல்லானாலும் உளி வைக்கும் முன் பேரைச் சத்தமாகப் படிப்பார். "ஆண்டவரே, இவங்களை உம்ம கையில ஒப்படைக்கிறேன்" என்பார். அதற்கப்புறம்தான் முதல் கொத்து விழும். படுக்கையறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்தாற்போல இருந்ததால், முப்பது வருஷமாக அவள் அதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தவள்.

கேட்டதைச் செய்யாமல் இருக்க அவருக்கும் மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், இருப்பதிலேயே நல்ல கல்லாகப் பார்த்து வாங்கி வந்தார். அளவு பிடித்தார், பென்சிலில் பேரை எழுதினார், உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார்.

"என்னங்க! உளியைக் கீழ வைங்க!"

ஐயோ, அந்த உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தமா! பதறியடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"ஜெபம் எங்கே? நமக்குத் தண்ணிப் பால் ஊத்தின பால்காரருக்குப் பண்ணீங்க. முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் பண்ணீங்க. கட்டின பொண்டாட்டிக்குக் கிடையாதா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒப்படைக்கிறேன்னு என் வாயால எப்படிடி சொல்லுவேன்? சொல்லிட்டா உன்னைக் குடுத்துட்ட மாதிரி ஆயிடுமே!"

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் கையை நீட்டி, கல் தூசி படிந்த அவர் விரல்களைத் தொட்டாள்.

"நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் நான் போகத்தான் போறேன். சொன்னா நீங்களே அனுப்பி வச்ச மாதிரி இருக்கும். இல்லேன்னா உங்க கையிலருந்து பிடுங்கிட்டுப் போன மாதிரி இருக்கும். எனக்குச் சாவு பயமில்லைங்க. உங்களை இப்படி அவர்கூடச் சண்டையில விட்டுட்டுப் போறதுதான் பயம்."

அவர் திரும்பிப் போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்தார். பென்சில் எழுத்தின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

"ஆண்டவரே," என்றார் கடைசியில். "உம்ம மேல எனக்கு இன்னும் கோவம்தான். அதையும் சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கல்லில் இருந்த பேரை ஒருமுறை படித்தார். "இவளை உம்ம கையில ஒப்படைக்கிறேன். இவளுக்குக் கால் சீக்கிரம் சில்லிட்டுப் போயிடும், ரெண்டு போர்வை வேணும். டீயில சக்கரையைக் குறைச்சா கோவிச்சுக்குவா. பத்திரமா பாத்துக்கும்."

இப்படி எத்தனை பேரை அவர் ஒப்படைத்திருப்பார்! அந்தக் கொட்டகையில் ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை. சொல்லும் நிலையில் யாரும் இருந்ததும் இல்லை.

"ஆமென்," என்றது ஜன்னல் பக்கமிருந்து அவள் குரல். "இப்போ வெட்டுங்க."