ஐந்நூறு மீட்டர்

சுரங்க விதிகளை எழுதும் அலுவலகத்துக்கு யோசனை சொல்ல ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் மற்றவர்கள் எல்லோரும் நிலவியல், சட்டம் என்று படித்தவர்கள். ‘பொதுமக்கள்’ என்று பலகை வைத்த நாற்காலி மட்டும் தையல்காரியான எனக்கு. ஒரே ஆள் எப்படிப் பொதுமக்கள் ஆக முடியும் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஒப்புக்கொண்டதே தங்கைக்காக. நிலக்கரிச் சுரங்கம் அவள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெடி வைத்து வைத்துச் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். குழிக்கும் வீட்டுக்கும் நடுவே இருநூறு மீட்டர் போதும் என்பது பழைய விதி. அதை ஐந்நூறாக்கிவிட்டால் அவள் பிழைத்தாள் என்று நினைத்தேன்.

ஆரம்பத்தில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாங்கள் முடிவெடுக்கிறோமா, டீ குடித்துக் கலைகிறோமா என்றே தெரியவில்லை. கை தூக்கச் சொல்லி எண்ணும் வழக்கமும் கிடையாது. யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் யாரும் பேசாவிட்டால் சண்டை என்று அர்த்தம்.

ஒரு கூட்டத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விரிசலைப் பற்றிச் சொல்லி, ஐந்நூறு கேட்டேன். குழுவில் இருந்த சுரங்க நிறுவனத்தின் பொறியாளர் பாய்வார் என்று காத்திருந்தேன். அவரோ நியாயம்தான் என்று தலையாட்டினார். எனக்கே திக்கென்றது. ஒருவரும் மறுக்கவில்லை. வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன். இருவரும் சந்தோஷத்தில் அழுதோம்.

புது விதி அப்படியே வந்தது. அளவு நாடாவோடு ஆட்களும் வந்தார்கள். தங்கை வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்டு, ஐந்நூறு மீட்டருக்குள் இருப்பதால் காலி செய்ய வேண்டும் என்றார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருக்கிறதே என்று குழுத் தலைவரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். சுரங்கத்துக்கு எப்போதோ உரிமம் கொடுத்தாகிவிட்டது, அதைச் சுருக்க முடியாது. இடைவெளி வேண்டும் என்றுதான் குழு சொன்னது, யார் நகர வேண்டும் என்று சொல்லவில்லை. அதை அலுவலகம் தீர்மானித்துக்கொண்டது.

“நம்ம வேலை யோசனை சொல்றதோட சரிம்மா. உங்க யோசனைய முழுசா ஏத்துக்கிட்டாங்க, அது சாதாரண விஷயம் இல்ல” என்றார்.

பாராட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்று திருதிருவென விழித்தேன். விதி புரிந்தது, விளக்கமும் புரிந்தது. இரண்டும் சேர்ந்து எப்படித் தங்கையைத் தெருவில் நிறுத்தின என்பதுதான் புரியவில்லை.

நேற்று அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அடுத்த கூட்டத்தில் மாற்று இடத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள், தண்ணீர் வசதியுள்ள இடமாகக் கேட்கிறேன் என்றேன். அவள் என் கையிலிருந்த குண்டானை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அக்கா, உன் கால்ல வேணா விழறேன். இனிமே எனக்காக எதையும் கேக்காத.”