தம்பி மெக்கானிக்

டார்ச்சைப் பிடித்துப் பிடித்து அக்காவின் கை கடுத்துப்போயிருந்தது. துணி காயவைக்கும் மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, தம்பி உள்ளே தலையை நுழைத்திருந்தான். அறையில் இன்னும் கருகல் வாடை போகவில்லை. காலையில் அவள் உள்ளே போட்ட வெள்ளைப் போர்வை நடுவில் பழுப்பேறி வெளியே வந்திருந்தது.

"மேல பிடிக்கா. எனக்குக் கண்ணு அங்கேயா இருக்கு?"

"உன் கண்ணு எங்க இருக்குன்னு யாருக்குடா தெரியும்? தலையையே காணோம்."

சிரித்தாளே தவிர அவளுக்குக் கவலை விடவில்லை. "நீ என்ன பண்ணினே?" என்று வீட்டுக்காரம்மா காலையில் கேட்டிருந்தாள். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் வேலை. புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்த பிறகு, வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

தம்பியை இந்தக் கட்டடத்துக்குக் கூட்டிவந்ததும் அவள்தான். தொழில் கற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவனை வீடு வீடாக அழைத்துப்போய், "என் தம்பி, நல்லா பார்ப்பான்" என்று கதவைத் தட்டிச் சொன்னாள். அதனால் இங்கே அவனுக்குப் பெயரே தம்பி மெக்கானிக் என்று ஆகிவிட்டது.

அவன் முதலில் பிசிறு சேரும் ஃபில்டர் வலையை உருவிப் பார்த்தான். "சுத்தமா வச்சிருக்கேக்கா."

"ஒவ்வொரு தடவையும் எடுத்துடுவேன்."

சூடான காற்று வெளியே போகும் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினான். அடைப்பு இல்லை. பிறகு ரூபாய்க் காசு அளவுள்ள ஒரு சுவிட்சில் மீட்டரை வைத்தான்.

"தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு. சூடு ஏறினா இதுதான் கரண்டை நிறுத்தணும்."

"இது நிறுத்தலைன்னா?"

"அதுக்குத்தான் பக்கத்துல ஒரு ஃபியூஸ் இருக்கும். அது எரிஞ்சு மெஷினையே நிறுத்திடும்."

"அப்ப ஏன் நிக்கலை?"

அவன் மீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தான். அக்கா டார்ச்சை அவளாகவே கீழே இறக்கினாள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு நீல ஒயர், அதன் மேல் கறுப்பு டேப். டேப்பின் நுனி சின்ன முக்கோணமாக மடக்கப்பட்டிருந்தது. மறுபடி பிரிக்க வசதியாக அப்படி மடக்கும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு உண்டு.

"நீ போட்டதா?"

"ஆறு மாசம் முன்னாடி வந்தேன்ல, அன்னைக்கு ஃபியூஸ் கைவசம் இல்ல. அடுத்த வாரம் வந்து மாத்திடலாம்னு... மறந்தே போச்சுக்கா."

"குழந்தைங்க இருக்கிற வீடுடா!"

"கத்தாதே. வெளிய தெரிஞ்சா ஒரு வீட்லயும் என்னை உள்ள விடமாட்டாங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். "சரி, நான் வாயைத் திறக்கலை. நீ ஒழுங்கா மாத்து."

கூடப் பிறந்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தாள். அவன் பையிலிருந்து புது தெர்மோஸ்டாட், புது ஃபியூஸ் இரண்டையும் எடுத்து மாட்டினான். நீல ஒயரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஈரத் துண்டுகளைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டினார்கள். துண்டுகள் அளவான சூட்டில் காய்ந்து வந்தன. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்காரம்மா வந்தாள். "என்னப்பா ஆச்சு?"

"பார்ட் போயிடுச்சு மேடம். மாத்திட்டேன்."

"போன தடவையும் நீதானே பார்த்தே? அப்ப இதையெல்லாம் பார்க்கலையா?"

தம்பி கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"அப்ப நல்லாத்தான் இருந்தது மேடம். ஃபில்டரைச் சுத்தம் பண்ணாமலே ஓட்டியிருக்காங்க. காத்து அடைச்சு, சூடு ஏறி, பார்ட்டும் போச்சு."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கீழே கிடந்த திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஃபில்டரைச் சுத்தம் பண்றது உங்க அக்காதானே?"

"அக்காதான் மேடம். அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

வீட்டுக்காரம்மாவின் குரல் இளகியது. "சொந்த அக்கான்னுகூடப் பார்க்காம உண்மையைச் சொல்றியே. இந்தக் காலத்துல யாருப்பா இப்படி இருக்கா?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனுக்கு ஒரு துளிகூட ஆடவில்லை. 'அவன் சட்டைப் பையைப் பாருங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அக்காவின் தொண்டைவரை வந்தது. வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டாளே. இரண்டு பிள்ளைகளின் முகம் வேறு கண்முன் வந்து நின்றது.

"நான் தினமும் சுத்தம் பண்ணுவேம்மா," என்று மட்டும் சொன்னாள்.

"நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

தம்பி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வாக்கா. கொஞ்ச நாள் போகட்டும், நானே மேடம்கிட்ட பேசறேன்." அக்கா ஆறு மாடியும் படியிலேயே இறங்கினாள். பெற்ற தாயே கைவிட்டதுபோல் அழுகை வந்தது.

நான்காம் நாள் தம்பியின் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றாள்.

"உடம்பு முடியலைன்னு வேலையை விட்டுட்டீங்களாமே அண்ணி? இவர் சொன்னாரு. அந்த மேடம் நம்பிக்கையான ஆள் வேணும்னு இவரையே கேட்டாங்களாம். என்னை நாளைக்கு வரச்சொல்லியிருக்காங்க. அந்த மெஷினை நினைச்சாத்தான் பயமா இருக்கு. கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்."

கட்டிலில் படுத்திருந்த புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா எழுந்துபோய் மாவுச் சல்லடையை எடுத்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"கதவைத் திறந்தா கீழே இந்த மாதிரி ஒரு வலை இருக்கும். துணியை எடுத்த கையோட அதை உருவணும். ஓரத்திலேருந்து நடுவுக்கு இப்படி விரலால தள்ளிட்டு வா, பிசிறு அப்படியே சுருண்டு வரும்."

"ஒவ்வொரு தடவையுமா அண்ணி?"

"ஒவ்வொரு தடவையும். எடுத்ததைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டிடு."

"சரிங்க அண்ணி" என்று சல்லடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டி ஓரத்திலிருந்து நடுவுக்கு விரலைத் தள்ளித் தள்ளிப் பழக ஆரம்பித்தாள்.