டப்பாவில் போட்ட கோடு

தையற்கார அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கடைக்காரர் அளந்து கொடுத்த துணியை வாசலிலேயே நின்று மறுபடி அளந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரியில் கிடக்கிற தம்பியின் புஜத்தைச் சுற்றி டேப்பைப் போட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வீடு மாறுகிறவர்களின் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிறவன் அவன். கூட வேலை செய்பவர்கள் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய அலமாரி ஆணி காலில் ஏறி, சீழ் பிடித்து, கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. அவன் சட்டையெல்லாம் அக்கா தைத்ததுதான். கைச்சுற்று அவளுக்கு மனப்பாடம். இப்போது டேப் காட்டியது பள்ளிக்கூடப் பையன் அளவு. மறுபடி அளந்தாள். அதேதான்.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சத்து மாவைக் கரைத்து ஊற்றுவது தம்பி பெண்டாட்டி. அவள் ஊற்றுகிறாள், இவன் இளைக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? மாவு வேறெங்கோ போகிறது!

மாவு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. அது நின்ற மட்டத்தில் தையல் சாக்பீஸால் பொடியாக ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள் அக்கா. மறுநாள் பார்த்தால் மாவு ஒழுங்காகவே குறைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அக்கா மனசு அப்படிப்பட்டது இல்லை. டப்பா காலியாகிறது, தம்பி தேறவில்லை, ஆக இவளே கரைத்துக் குடிக்கிறாள். அதற்கேற்ற மாதிரி அவளும் அடிக்கடி பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

டாக்டர் வந்த நேரத்தில் அக்கா வெடித்துவிட்டாள்.

"இனிமே நான்தான் ஊத்துவேன் டாக்டர். இவ கையில விட்டா என் தம்பி எனக்கு மிஞ்ச மாட்டான். இவனுக்குன்னு வாங்குற மாவு இவ வயித்துக்குள்ள போகுது!"

தம்பி பெண்டாட்டி அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாவெல்லாம் அவருக்குள்ளதாம்மா போகுது. நர்ஸ் பக்கத்துல நின்னு பாக்குறாங்க."

"அப்ப ஏன் டாக்டர் இப்படி வத்திட்டான்?"

"கிருமி இந்த அளவுக்கு முத்தினா தசை செல்லுக்குள்ள நெருக்கடி வந்துடும். புரதம் தயாராகுற இடத்துல வேலை குவிஞ்சு, பாதி தயாரான புரதம் தேங்கி நிக்கும். உடனே உள்ளுக்குள்ளயே ஒரு அபாய மணி அடிக்கும். கொஞ்ச நேரம் அடிச்சா நல்லது, செல் சுதாரிச்சுக்கும். ஓயாம அடிச்சா, புதுசா தசை கட்டுறது குறைஞ்சு, இருக்குற தசையையே உடம்பு உடைக்க ஆரம்பிக்கும். நாம எவ்வளவு ஊத்தினாலும் அதை முழுசா நிறுத்த முடியாது. முதல்ல கிருமி அடங்கணும். அப்புறம் கை காலை அசைச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேத்தணும்."

அவர் போய்விட்டார். திருடனைத் தேடித் தேடிக் கடைசியில் அவன் தம்பியின் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அக்காவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"கோடு போட்ட அன்னைக்கே பாத்துட்டேன்க்கா," என்றாள் தம்பி பெண்டாட்டி, அவன் கையை மெதுவாக மடக்கி நீட்டியபடியே. "நர்ஸ் துடைக்க வந்தாங்க. நான்தான் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி, அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நம்பியிருப்பீங்களா? இந்த ரூம்ல நான் எதைக் குடிச்சாலும் உங்க கண்ணு அந்த டப்பா மேலதான் போகும். அதான் டீயைக்கூட வெளியில போய்க் குடிச்சேன்."

அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். டீ வாங்கி வந்து, தம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"இங்கயே உக்காந்து குடி."

தம்பி பெண்டாட்டி கை நீட்டினாள். தம்ளரை வாங்குவதற்கு முன்னால், மாவு டப்பா சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.