சுன்ஜாவின் கண்ணாடியை உடைத்த கல்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஜெஜு தீவில் எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் நடத்தும் இன்சுக், போன மாதம் என் வீட்டுக்கு வந்து சொன்னது. முதல் வரியை எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன்.

எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறினால்… (பாடப்புத்தகம். வேண்டாம்.)

யாரோ ஒருவன் கோபத்தில்… (ஒருத்தியாக இருந்தால்?)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2

மார்ச்சில் ஒரு பிற்பகல், சுன்ஜாவின் கமலா ஆரஞ்சுக் கொட்டகைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே வந்தது. அவள் தோள் எலும்பு முறிந்தது. எறிந்தவரை யாரும் பார்க்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தேஹோவோடு அவளுக்குத் தண்ணீர்த் தகராறு இருந்ததால், ஊர் அவனைத்தான் பார்த்தது.

இன்சுக் கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தேஹோவின் மதில் கற்கள் துளைதுளையாக இருக்கும். இதுவோ கெட்டி, மணிமணியாகப் பளிச்சிட்டது.

"இது அந்த மதில் கல்லே இல்ல. ஆழத்துல இருந்து வந்தது" என்றாள்.

ஆழமாகத் தோண்டியவர் ஊரில் ஒருவர்தான், கிணறு வெட்டிய மான்ஹோ. போலீசால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. ஊருக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை. மான்ஹோ மகளின் கல்யாணத்தில் சாப்பிட ஆள் வராமல் பன்றிக்கறி அண்டா அண்டாவாக ஆறிக் கிடந்தது.

(முதலில் மான்ஹோவைச் சாதுவாக எழுதியிருந்தேன். இன்சுக் படித்துவிட்டு, "அவரு கோவக்காரருதான். அதை ஏன் மறைக்கிறீங்க?" என்றாள். அடித்துவிட்டேன்.)

3

ஆகஸ்ட் புயலில் தேஹோவின் மதில் சரிந்தது. அடிவரிசைப் பெருங்கல் ஒன்று பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் துளைகள். மறுபக்கம் கெட்டியாக, மணிமணியாக. ஒரே கல். எரிமலைக் குழம்பின் மேல்தோல் காற்றுப் பட்டுச் சட்டென்று உறையும்போது குமிழ்கள் உள்ளேயே சிக்கித் துளைகளாகின்றன. அடியில் சூடு மெல்ல இறங்குவதால் மணிகள் வளர நேரம் கிடைக்கிறது. வருடாவருடம் இன்சுக்கே கரும்பலகையில் வரைகிற படம்தான். அன்றைக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை?

அப்படியானால் எறிந்தது தேஹோ—

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. கல் மதிலிலிருந்தும் வந்திருக்கலாம், கிணற்றிலிருந்தும் வந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

4

மான்ஹோ வீட்டுக்குப் போனாள். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"சம்சுன், நான் தப்பா சொல்லிட்டேன்." (எங்கள் தீவில் மூத்தவர் எல்லோரும் சம்சுன்தான்.)

"அப்ப எறிஞ்சது யாரு?"

"தெரியல, சம்சுன்."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "எம்மேல இருந்து இறக்கணும்னா வேற ஆளு மேல ஏத்தணும், டீச்சர். தெரியலன்னு சொன்னா இங்க யாரு கேப்பா?"

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் இன்சுக் வாயே திறக்கவில்லை. மற்றதில் தேஹோ தானாகவே ஒப்புக்கொள்கிறான். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன்.

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் இன்சுக் எழுந்தாள். "அந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

பிறகு சுன்ஜாவின் கணவர், குரலை உயர்த்தாமலே, "அப்போ தேஹோதானா?" என்று கேட்டார். நாற்பது முகங்களும் தேஹோ பக்கம் திரும்பின.

இன்சுக் இன்னும் உட்காரவில்லை. அடுத்து அவள் சொன்னதை என்னிடமும் சொன்னாள். அதை எழுதிப் பார்த்தேன். எந்த வார்த்தையில் எழுதினாலும், வாசிப்பவருக்கு யாராவது ஒருவர்மேல் சந்தேகம் விழுந்துவிடுகிறது. அதனால் அவளை நின்றபடியே விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு இப்போதே யார்மேலாவது சந்தேகம் வந்திருந்தால், அதை நான் எழுதவில்லை.