காய்ந்தது என்று ஒரு சீட்டு

ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகைகளில், முதலாளியிடம் குறை சொல்வதற்கென்று எங்களுக்குள் ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்போம். கோபார் என்ற ஊருக்கு மேற்கே ஒரு கொட்டகையில் அந்த ஆள் நான்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈர ஆட்டை மேலே சாய்த்துக்கொண்டு வெட்டினால் மூட்டு பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும். காலையில் நானே முதலாளியிடம் போய், "ஆடு ஈரமா இருக்கு, ஓட்டுப் போடப் போறோம்" என்று முறைப்படி சொன்னேன். ஆளுக்கு இரண்டு ஆடு வெட்டிப் பார்ப்போம். பிறகு ஈரம், காய்ந்தது, இரண்டில் ஒன்றைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போடுவோம். ஈரம் ஜெயித்தால் வேலை நிற்கும். இப்படிக் கூடி நின்று குறை சொன்னதற்காக எங்கள் தாத்தாக்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பீர் உள்ளே போனால் இந்தப் பெருமையைப் பேசாமல் நான் எழுந்ததில்லை.

நாங்கள் ஐந்து பேர். ட்ரெலோர் சகோதரர்கள் இருவரும் காய்ந்ததுதான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். மிச்சம் கிளாரி, அவன் தங்கையைக் கட்டிய மெர்வ், நான். கிளாரிக்கு ஏற்கெனவே முழங்கால் வீங்கியிருந்தது.

"நாம மூணு பேரும் ஈரம்னு போட்டாப் போதும்," என்றான் கிளாரி.

"போடறேன் மச்சான். இல்லேன்னா உன் முனகலை யாரு கேக்கறது," என்றான் மெர்வ்.

எல்லாரும் போட்டு முடித்ததும் சீட்டுகளை எண்ணினேன். காய்ந்தது மூன்று, ஈரம் இரண்டு. வழக்கப்படி சீட்டுகளை டீ அடுப்பில் போட்டேன்.

மூன்றாவது சீட்டு என்னுடையது. சனிக்கிழமை கோபாரில் குதிரைப் பந்தயம். வேலை நின்று நாள் தள்ளிப்போனால் பார்க்க முடியாது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றை இத்தனை வருடமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

கிளாரி மெர்வைப் பார்த்தான். "பொண்டாட்டிக்குப் பிரசவம். சீக்கிரம் ஓடணும், அதானே?"

"நான் ஈரம்னுதான்டா எழுதினேன்."

"அப்ப யாரு? குறை சொல்லப் போனவனே மாத்திப் போட்டானா?" என்று கிளாரி கேலியாக என்னைக் கை காட்டினான்.

நான் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க ஈர ஆட்டை வெட்டினோம். சாயங்காலம் கிளாரிக்குக் காய்ச்சல் வந்தது, மூட்டெல்லாம் வீங்கியது. அதன்பின் அவனால் கத்தரி பிடிக்க முடியவில்லை. பதினோரு வருடம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மெர்வைத் திட்டுவான். நான் அவன் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவேன். அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே திரும்புவேன்.

கிளாரியின் அடக்கத்தன்று மெர்வ் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே வரக்கூடாது என்பது கிளாரி சொல்லிவைத்த வார்த்தை. நான் அவனிடம் போனேன்.

"சாகற வரைக்கும் என்னை நம்பலைடா," என்றான். "நான் ஈரம்னுதான் எழுதினேன்."

"தெரியும். காய்ஞ்சதுன்னு எழுதினது நான்."

அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"என்கிட்ட ஏன்டா சொல்றே?" என்றான் மெதுவாக. "அவன்கிட்ட போய்ச் சொல்லு."

உள்ளே மண் தள்ள ஆரம்பித்திருந்தார்கள்.